துப்பாக்கிக்கு முன்னால் ஜாக்கெட் வாங்குங்கள்

திருவொற்றியூர் என்ஃபீல்டில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்தவன் நான். ‘துப்பாக்கியைப் போலச் செய்தது’ என்பதுதான் எங்கள் பைக்கின் பழைய விளம்பர வாசகம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளந்து பழகிய கை. அப்படியிருந்தும் மகளுக்கு முதல் ரைபிள் வாங்கும்போது தவறிவிட்டேன்.

கல்லூரி என்சிசியில் பாயின்ட் 22 சுட்டுவிட்டு வந்தவள், ஏர் ரைபிள் பழகணும்பா என்றாள். கடையில் காட்டியதை வாங்கிவிட்டேன். குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் ரகம், மேலே தொலைநோக்கி வேறு. ஏர் ரைபிளின் பத்து மீட்டர் போட்டியில் தொலைநோக்கிக்கு இடமே இல்லை. சின்னத் துளை வழியாகத்தான் குறி பார்க்க வேண்டும். அங்கே பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. மைக்ரோ டிப் பென்சில் முனை அளவுதான். ஸ்பிரிங் விடுபடும்போது துப்பாக்கியே உதறினால் அதில் எப்படிப் படும்? என் கைதான் சரியில்லை என்று அவள் அழுத இரவு இன்னும் என் மனசில் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், துப்பாக்கிக்கு அவசரப்படாமல், முதல் காசை சுடும்போது அணியும் ஜாக்கெட்டுக்கும் ஷூவுக்கும் போடுங்கள். ரைபிளை கிளப்பில் நான்கு பேர் மாற்றி மாற்றிச் சுடலாம். ஜாக்கெட் ஒரு உடம்புக்கு மட்டும்தான் பொருந்தும். விறைப்பான கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த அது முதுகைத் தாங்குகிறது. 75 நிமிடத்தில் 60 குண்டு, நின்றபடியே, கையில் ஏறக்குறைய ஐந்து கிலோ. ஜாக்கெட் தளர்ந்தால் இடுப்பு போய்விடும். தடிமன் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. போட்டியில் கருவி வைத்து அளப்பார்கள். வளர்கிற பிள்ளையாயிற்றே என்று பெரிய அளவாக எடுக்காதீர்கள்.

கிளப் ரைபிளில் ஆறு மாதமாவது சுட்டுவிட்டுச் சொந்தமாக வாங்கலாம். அப்போதும் பிராண்டைப் பார்க்கும் முன், தோளில் படும் பட் பிளேட்டும் கன்னம் சாயும் கட்டையும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். என் மகளுக்குக் கன்னக் கட்டையை ஆலன் கீ வைத்து நான்கு மில்லிமீட்டர் உயர்த்தினேன். அதன் பிறகுதான் கழுத்து வளையாமல் கண் தானாகத் துளைக்கு நேராக வந்தது. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

போட்டி ரைபிள் ஸ்பிரிங்கில் அல்ல, சிலிண்டரில் அடைத்த காற்றில் சுடும்; பழையதை வாங்கினால் அந்தச் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். பத்து வருஷம் கடந்ததைத் தொடாதீர்கள். நம் பக்கம் தெருவுக்கொரு வெல்டிங் பட்டறை இருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும்: எந்தக் காரணத்துக்காகவும் ரைபிள் சிலிண்டரில் ஆக்சிஜன் நிரப்பக் கூடாது. உள்ளே துளி கிரீஸ் இருந்தாலும் வெடிக்கும். ஈரமும் எண்ணெயும் இல்லாத சுத்தமான காற்று மட்டும்தான். எண்ணூர் உப்புக் காற்றுக்குக் குழலை வாராவாரம் துடைத்து வையுங்கள். பெல்லட் ஈயம், கை கழுவாமல் சாப்பிடக் கூடாது.

2016 ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்படாத 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். பாயின்ட் 22க்கு வேண்டும். அதைச் சுடும் 50 மீட்டர் போட்டி மீது ஆசை எல்லாருக்கும் வரும், 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய தூரம் அதுதான். ஆனால் பத்து மீட்டரில் மூச்சு அடங்காதவனுக்கு ஐம்பதில் எந்த ரைபிளும் உதவாது.

என் மகள் ஜாக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூர் போய்ப் பழகுகிறாள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் குஜராத்தில் வளர்ந்து ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கங்களை வென்றார். குறி பார்க்கும் கண் நம் வடசென்னைப் பிள்ளைகளுக்குக் குறைவா? கேரம் பலகையில் விரல் நுனியால் நம் பகுதிப் பெண் காசிமா 2024இல் அமெரிக்கா போய் மூன்று தங்கம் கொண்டுவரவில்லையா? ஏர் ரைபிளுக்கு மைதானம்கூடத் தேவையில்லை. பதினைந்து மீட்டர் நீளக் கூடம், பின்னால் கெட்டியான சுவர், பொறுப்பான ஒரு பயிற்சியாளர், பொதுவில் நான்கு ரைபிள் போதும். திருவொற்றியூர் மண்டலத்தில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் கூடத்தை மாலை நேரத்துக்குத் திறந்துவிடுங்கள். கன்னக் கட்டை சரிசெய்ய நான் சம்பளமில்லாமல் வருகிறேன்.