துக்க வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் உண்டு: பேராயருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய பேராயர் ஐயா அவர்களுக்கு,

நவம்பர் பிறந்துவிட்டது. இன்னும் சில நாட்களில் திருமண்டல இதழுக்கு உங்கள் கிறிஸ்துமஸ் செய்தியை எழுதுவீர்கள். சேகரங்களுக்குச் சுற்றறிக்கை போகும். கீத பவனி எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று சபைக் கமிட்டிகள் உட்கார்ந்து பட்டியல் போடும். அந்தப் பட்டியல் முடிவாவதற்குள் ஒரு காரியத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஓய்வுநாள் பள்ளியில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நம் சபைகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த ஆண்டு அந்த வீட்டுக்குப் பண்டிகை கிடையாது. வாசலில் ஸ்டார் தொங்காது. குடில் வைக்க மாட்டார்கள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, முறுக்கும் அதிரசமும் பக்கத்து வீட்டிலிருந்து வரும். புதுத்துணி எடுப்பதில்லை. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. போனவரை நினைத்து ஒரு குடும்பம் தன்னை அடக்கிக்கொள்வது நம் மண்ணின் மரியாதை.

ஆனால் அது அதோடு நிற்பதில்லை. கீத பவனியும் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. "இந்த வருஷம் நாங்க கோயிலுக்கு வரல" என்று அவர்கள் சொன்னால், பாவம் என்று நாமும் விட்டுவிடுகிறோம். அதிகாலை ஆராதனைக்கு மணி அடிக்கிறது, தெருவே எழுந்து போகிறது, அந்த வீட்டில் மட்டும் விளக்கு எரிவதில்லை. நற்செய்தி யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்களிடம் மட்டும் அன்று அது போய்ச் சேருவதில்லை.

என் கணவர் ஒரு செப்டம்பரில் இறந்தார். அந்த டிசம்பரில் எங்கள் தெருவுக்குக் கீத பவனி வந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டெம்போவில் ஜெனரேட்டர், கலர் லைட், பின்னால் டிரம் அடித்துக்கொண்டு வாலிபர் கூட்டம், முன்னால் மிட்டாய் வீசிக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தா. இரண்டு வீடு தள்ளி வரும்போது யாரோ, "டிரம்மை நிறுத்துங்கடே, டீச்சர் வீடு" என்றார்கள். சத்தம் நின்றது. தாத்தா வேஷம் போட்ட பையன் முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். எல்லாரும் என்னிடம் படித்த பிள்ளைகள். தலையைக் குனிந்தபடி என் வாசலைக் கடந்தார்கள். முக்குத் திரும்பியதும் டிரம் மறுபடி தொடங்கியது. நான் காணிக்கைக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளைகள் மரியாதையாகத்தான் நடந்தார்கள். "துக்க வீட்டுக்குள் போங்கள், மெதுவாக ஒரு பாட்டுப் பாடுங்கள், ஜெபம் பண்ணிவிட்டு வாருங்கள்" என்று பெரியவர் ஒருவர் சொல்லியிருந்தால் தயங்காமல் வந்திருப்பார்கள். அப்படிச் சொல்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஐயா, துக்க வீட்டுக்குப் பண்டிகை இல்லை என்று நாம் சொல்லும்போது, பண்டிகை என்று எதை நினைத்திருக்கிறோம் என்பதும் வெளிப்பட்டுவிடுகிறது. ஸ்டாரும் கேக்கும் புதுத்துணியும் பிரியாணியும்தான் கிறிஸ்துமஸ் என்றால், அவற்றை நிறுத்தியதும் பண்டிகை நின்றுபோவது சரிதான். தேவன் மனிதனாய் நம் நடுவே வந்தார் என்பது கிறிஸ்துமஸ் என்றால், எந்தச் சாவும் அதை நிறுத்த முடியாது. சாவுள்ள உலகத்துக்குள்தானே அவர் வந்தார்? இழவு வீட்டுக்குள் நுழைய முடியாத கிறிஸ்துமஸ், கல்யாண வீட்டில் எவ்வளவு ஜொலித்தாலும் அது விசுவாசத்தின் பண்டிகை ஆகாது.

மத்தேயுவை எடுத்துப் பாருங்கள். சாஸ்திரிகள் காணிக்கை வைத்துத் திரும்பிய உடனே ஏரோதின் வாள் வருகிறது. பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகள் கொல்லப்படுகிறார்கள். தேற்ற முடியாமல் அழும் ராகேலைப் பற்றிய எரேமியாவின் வார்த்தை அங்கே நினைவுகூரப்படுகிறது. அதற்கு முன்பே யோசேப்பு இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிவிடுகிறார். லூக்காவில், பிள்ளையைக் கையில் ஏந்திய சிமியோன், ஒரு பட்டயம் உன் ஆத்துமாவை உருவிப்போகும் என்று மரியாளிடம் முன்னறிவிக்கிறார். நம் ஓய்வுநாள் பள்ளி நாடகங்களோ சாஸ்திரிகளோடு திரை விழுந்து முடிந்துவிடுகின்றன. ராகேல் மேடைக்கு வருவதே இல்லை.

திருச்சபை நாட்காட்டி இதை மறக்கவில்லை. டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு. மறுநாளே, கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் இரத்தசாட்சி ஸ்தேவானின் நாள். 28 குற்றமில்லாப் பாலகரின் நாள். தொட்டிலுக்குப் பக்கத்திலேயே கல்லறையை வைத்த நம் முன்னோர்களுக்குத் துக்கமும் பண்டிகையும் ஒரே வீட்டில் இருக்கும் என்பது தெரிந்திருந்தது. நாம்தான் 25-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நாட்களைப் புத்தாண்டு ஏற்பாட்டில் கரைத்துவிட்டோம்.

நம் கடற்கரை அந்த நாட்காட்டியைத் தன் உடம்பிலேயே சுமக்கிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் பலகாரம் தீராத வீடுகளுக்குள் சுனாமியாகக் கடல் வந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். வேளாங்கண்ணிக்குப் பண்டிகைக்காக வந்திருந்த பயணிகள் பலர் ஊர் திரும்பவில்லை. குளச்சலில் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள். இன்றும் அந்த ஊர்க்காரர்கள் 25 அன்று பாலகனை வணங்கிவிட்டு, 26 அன்று கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கப் போகிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3 அன்று வந்தது. கரையில் பெண்கள் அப்போதும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகைக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களைக் கேட்டு நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஊர்கள் கத்தோலிக்க ஊர்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள் ஐயா. துக்கத்தோடு கிறிஸ்துமஸை எப்படிக் கைக்கொள்வது என்று நமக்குப் பாடம் சொல்லித் தரும் தகுதி அவர்களுக்கு உண்டு.

பெத்லகேமும் அதைத்தான் செய்தது. 2023-இல் காசாவில் போர் நடந்தபோது, எருசலேம் திருச்சபைகளின் தலைவர்கள் ஆரவாரக் கொண்டாட்டங்களைக் கைவிடும்படி தங்கள் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். பெத்லகேமின் தொழுவச் சதுக்கத்தில் அந்த ஆண்டு மரம் நிற்கவில்லை, ஊர்வல ஆரவாரமும் இல்லை. அங்குள்ள லுத்தரன் ஆலயம் உடைந்த கற்குவியலுக்கு நடுவே பாலகனைக் கிடத்தி வைத்தது. ஆனால் நள்ளிரவுத் திருப்பலி நடந்தது. வேதம் வாசிக்கப்பட்டது. ஆரவாரத்தை விட்டார்கள், ஆராதனையை விடவில்லை. நம் துக்க வீடுகளுக்குத் தேவையான வழி இதுவே.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

இந்த ஆண்டுச் சுற்றறிக்கையில், கீத பவனியின் முதல் நாள் இரவு அந்த ஆண்டு துக்கம் கண்ட வீடுகளுக்கே உரியது என்று எழுதுங்கள். டிரம், வேஷம், மிட்டாய் வேண்டாம். சேகர குருவானவரோ உபதேசியாரோ கூடப் போகட்டும். ஒரு கீர்த்தனை, ஒரு வேத வாசிப்பு, இறந்தவர் பெயரைச் சொல்லி ஒரு ஜெபம் போதும். வாசலில் காணிக்கைக்குக் கை நீட்டாமல், பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும்.

திருவருகைக் காலத்தில் ஒரு மாலை, ஒவ்வொரு சேகரத்திலும் துக்கப்படுகிறவர்களுக்கென்று ஓர் ஆராதனை நடக்கட்டும். அழுவதற்குக் கோயிலில் இடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். கணவனை இழந்தவள் மட்டுமல்ல, பிள்ளை தங்காமல் போனவர்கள், தற்கொலையில் ஒருவரைப் பறிகொடுத்து ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி வெளியே வராதவர்கள், எல்லாரும் அங்கே வரலாம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் வருவார்கள்.

டிசம்பர் 28 அன்று எல்லாச் சபைகளிலும் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் நாடகத்தில் ராகேலுக்கும் ஓர் இடம் கொடுக்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளும் தாத்தாவையோ பாட்டியையோ இழந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது புரியும்.

வீட்டு அலங்காரப் போட்டிக்கும் ஸ்டார் போட்டிக்கும் கொடுக்கும் பரிசுகளை ஓர் ஆண்டு நிறுத்திப் பாருங்கள். அந்தப் பணம் இந்த ஆண்டு வருமானம் இழந்து நிற்கும் வீடுகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமாகப் போகட்டும். மகிழ்ச்சியைக் குறைக்கச் சொல்லவில்லை. தெருவெல்லாம் விளக்கு எரியட்டும், பிள்ளைகள் ஆடட்டும், வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு போகட்டும். அவற்றுக்கு நடுவே யார் பிறந்தநாள் இது என்பது மட்டும் எல்லார் நினைவிலும் இருக்கட்டும்.

கடைசியாக, உங்கள் கிறிஸ்துமஸ் செய்தியில் வழக்கமான வாழ்த்துக்கு முன்னால், "இந்த ஆண்டு அழுகிறவர்களே" என்று ஒரு பத்தி எழுதுங்கள். அதைக் கேட்கும் ஒரு விதவையாவது, ஸ்டார் கட்டாவிட்டாலும் பரவாயில்லை என்று அதிகாலை மணிக்கு எழுந்து, விளக்கைப் போட்டு, கோயிலுக்குப் புறப்படுவாள். அவளைக் கோயில் வாசலில் நீங்களே நின்று வரவேற்க வேண்டும் ஐயா.

கிறிஸ்துவின் பணியில் உங்களுக்காக ஜெபிக்கும்,
ஒரு சபை அங்கத்தினர்