12 வயது விஸ்கி: அது யாருடைய வயது?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிப் போகிறது செங்கம் ரோடு. மேற்கே போய்க்கொண்டே இருந்தால் கிருஷ்ணகிரி. அதையும் தாண்டினால் பெங்களூர். சுமார் 200 கிலோ மீட்டர். வெளிநாட்டுப் பக்தர்களில் பெங்களூரில் இறங்கி இந்த வழியாக வருகிறவர்களும் உண்டு.

ரோட்டின் இந்த முனையில் தியானம். அந்த முனையில் விஸ்கி! ஸ்காட்லாந்துக்காரர்களோடு கோர்ட்டு ஏறி ஜெயித்த கம்பெனி, பெங்களூர்க் கம்பெனிதான். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

வரி குறைகிறது

2025 ஜூலை 24ந் தேதி இந்தியாவும் பிரிட்டனும் வியாபார ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஸ்காச் விஸ்கிக்கு 150 சதவீதமாக இருந்த இறக்குமதி வரியை முதலில் 75 ஆகவும், 10 ஆண்டுகளில் 40 ஆகவும் குறைப்பது என்பது அதில் ஒரு ஷரத்து.

கணக்குப் போடுவோம். துறைமுகத்தில் 1,000 ரூபாய் மதிப்புள்ள பாட்டில், 150 சதவீத வரியோடு 2,500 ரூபாய். 75 என்றால் 1,750. 40 என்றால் 1,400. இதற்கு மேல் மாநில வரியும் கடைக்காரர் லாபமும் உண்டு. ஆகவே விலை பாதியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் 12, 18, 21 என்று எண் போட்ட பாட்டில்கள் அதிகமாக வரும். எண் ஏற ஏற விலையும் ஏறும். அந்த எண் எதைச் சொல்கிறது?

கடைக்குட்டியின் வயது

ஸ்காச் என்றால், ஸ்காட்லாந்திலேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடந்திருக்க வேண்டும். அது சட்டம். கலப்பு விஸ்கியில் பல ஆலைகளின் சரக்கு சேருகிறது. ஒன்று 12 வருடம் கிடந்திருக்கும். இன்னொன்று 20 வருடம் கிடந்திருக்கும். பாட்டிலில் போடுவது, வயது குறைந்த சரக்கின் வயதை! கூட்டுக் குடும்பத்துக்கு என்ன வயது என்று கேட்டால், கடைக்குட்டியின் வயதைச் சொல்வது போல.

பாட்டிலில் அடைத்ததும் வயது நின்றுவிடும். சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டு வந்த 12 வயது பாட்டிலைப் பீரோவில் 10 வருடம் பூட்டி வைத்தாலும் அது 22 ஆகாது.

மூக்குதான் நீதிபதி

விஸ்கி கலக்கும் நிபுணர்கள் பெரும்பாலும் குடித்துத் தரம் பார்ப்பதில்லை. தண்ணீர் கலந்து, வாய் குறுகிய கிளாசில் ஊற்றி முகர்கிறார்கள். பழ வாசனையா? புகை வாசனையா? மர வாசனை மிஞ்சிவிட்டதா? அளவுக்கு மீறிப் பீப்பாயில் கிடந்தால் மரம்தான் மிஞ்சும். நிறத்தை நம்ப முடியாது. கருக்கிய சர்க்கரையால் நிறம் ஏற்றச் சட்டம் இடம் கொடுக்கிறது.

வயதிலும் ஒரு சங்கடம். பீப்பாயில் இருக்கும்போதே விஸ்கி ஆவியாகிறது. ஸ்காட்லாந்துக் குளிரில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூரில் 10 சதவீதம், அதற்கு மேலும் போகும். 12 வருடம் வைத்தால் அங்கே முக்கால் பங்குக்கு மேல் மிஞ்சும். இங்கே மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது!

பெங்களூர் அம்ருத் கம்பெனியின் 'பியூஷன்' விஸ்கியில் வயதே போடவில்லை. ஆனால் ஜிம் முர்ரே என்ற ஆங்கில நிபுணர், தமது 2010ம் ஆண்டுப் புத்தகத்தில் அதற்கு உலகில் 3வது இடம் கொடுத்தார். எண்ணைப் பார்த்து அல்ல, முகர்ந்தும் சுவைத்தும்.

கோர்ட்டு சொன்னது

இனி அந்த வழக்கு. பெங்களூர் கோடே கம்பெனி 1968 முதல் 'பீட்டர் ஸ்காட்' விஸ்கியை விற்றது. 'ஸ்காட்' என்ற சொல் வரக்கூடாது என்று ஸ்காட்லாந்து விஸ்கிச் சங்கம் வழக்குப் போட்டது. 2008ல் சுப்ரீம் கோர்ட்டு கோடே பக்கம் தீர்ப்புக் கூறியது. சங்கம் பல வருடம் தெரிந்தும் சும்மா இருந்தது என்பது ஒரு காரணம். ஸ்காச் வாங்குகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள், பெயரைப் பார்த்து ஏமாற மாட்டார்கள் என்பது இன்னொன்று.

விவரம் தெரிந்தவர்களா? எனக்குச் சந்தேகம்தான். நம் நாட்டில் 'விஸ்கி' என்று விற்பதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயம் சேர்ந்தது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. இங்கே எத்தனை பேர் லேபிளைத் திருப்பிப் பார்க்கிறார்கள்?