மூன்று சிற்பம் போதும்: பள்ளிப் பிள்ளைகளின் அருங்காட்சியகப் பயணம் குறித்து எங்கள் நிலைப்பாடு

பள்ளிப் பிள்ளைகளைக் கலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போவதை ஒரு பாடவேளையாகக் கருதித் திட்டமிட வேண்டும். ஒரு வருகையில் மூன்று கலைப்பொருள்களை நின்று, உட்கார்ந்து, பேசி, வரைந்து பார்த்தால் போதும். பணம் கட்ட முடியவில்லை என்பதற்காக ஒரு பிள்ளைகூட வகுப்பறையில் தங்கிவிடக் கூடாது. ஓவிய ஆசிரியர்களும் வகுப்பாசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்த எங்கள் அமைப்பு, பல ஆண்டுகள் பிள்ளைகளோடு போய்வந்த அனுபவத்தில் எடுத்த முடிவு இது. இந்தக் கல்வியாண்டின் பயணங்களுக்குப் பள்ளிகள் நாள் குறிக்கும் நேரத்தில், காரணங்களோடு இதைப் பொதுவில் வைக்கிறோம்.

எங்களுக்கு நன்கு பழகிய சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை வைத்தே பேசுகிறோம். 1851இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கி, 1854இல் பாந்தியன் சாலைக்கு வந்த நிறுவனம் அது. எட்வர்டு பால்ஃபர் பொறுப்பில் இருந்த அந்த நாட்களில் அங்கே விலங்குகளும் இருந்தன. பழைய சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் மிருகக்காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அதைக் காலேஜ் என்றுதான் அழைத்தார்கள். அந்தச் சொல்லுக்குத் தகுந்தபடி நம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்களா என்பதே எங்கள் கேள்வி.

இப்போது நடப்பது என்ன?

வெளியூர்ப் பள்ளியின் ஒரு நாள் டூர் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. விடியற்காலையில் பேருந்து கிளம்பும். மியூசியம், பிர்லா கோளரங்கம், கிண்டி பாம்புப் பண்ணை, சாயங்காலம் மெரினா. எழும்பூருக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அந்த வளாகத்தில் இருப்பதோ நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள். எனவே வரிசை நிற்காமல் நகர்கிறது. “கை வைக்காதே”, “பேசாதே”, “சீக்கிரம் வா” என்ற மூன்று கட்டளைகளோடு பயணம் முடிகிறது. மறுநாள் கரும்பலகையில் எழுதிப்போட்ட பயணக் கட்டுரையை நாற்பது பேரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுக்கிறார்கள்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் நேரில் கண்டதைச் சொல்கிறோம். செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்றுவிட்டாள். விரல் நீட்டிக் கைகளை எண்ணினாள். ஒருபக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. மறுபடியும் எண்ணிவிட்டு, “மிஸ், இந்தச் சாமிக்கு ஒரு கை குறையுது” என்றாள். வரிசை அதற்குள் பத்தடி முன்னால் போயிருந்தது. “வாம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார் ஆசிரியை. அவரை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர் கையில் நாற்பது பிள்ளைகளும், பார்த்தாக வேண்டிய நான்கு இடங்களும் இருந்தன. குறை திட்டத்தில் இருக்கிறது.

அந்தப் பெண் கேட்டது எப்பேர்ப்பட்ட கேள்வி! நான்கு கை உள்ள சிவனில் பாதி, இரண்டு கை உள்ள பார்வதியில் பாதி. அதனால்தான் அங்கே இரண்டு, இங்கே ஒன்று. 11ஆம் நூற்றாண்டுச் சிற்பி ஆணையும் பெண்ணையும் ஒரே உடலில் நிறுத்த நினைத்தபோது கைக்கணக்கைக்கூட விட்டுவிடவில்லை. ஒரு பக்கத்துத் தோளையும் இடுப்பையும் மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டு உடல்கள் எங்கே சேர்கின்றன என்று கண் தேடத் தொடங்கும். அந்தத் தேடலைத்தான் கலைக்கல்வி என்கிறோம். அது தொடங்கிய நொடியிலேயே நாம் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

ஏன் மூன்று என்கிறோம்?

முதல் காரணம், கலைப்பொருள் முதல் பார்வையில் தன்னை முழுதாகக் காட்டுவதில்லை. எழும்பூரில் உள்ள அமராவதிச் சிற்பங்களில் வட்ட வடிவப் பலகை ஒன்று உண்டு. நளகிரி என்ற மதயானையைப் புத்தர் அடக்கிய கதை. சுண்ணாம்புக்கல்லில் செதுக்கி ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு நிமிடம் பார்க்கும் பிள்ளைக்கு யானையும் கூட்டமும் தெரியும். ஐந்து நிமிடம் பார்க்கும் பிள்ளை, “ரெண்டு யானை இருக்கு” என்று சொல்லும். பத்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர், “ரெண்டும் ஒரே யானைதான், முதல்ல மிதிக்குது, அப்புறம் மண்டி போடுது” என்று கண்டுபிடிப்பார். ஒரே சட்டகத்துக்குள் காலம் நகர்வதைச் சிற்பி காட்டியிருக்கிறார் என்பது அதன் பிறகு யாரும் விளக்காமலே புரிந்துவிடும். சாளரத்தில் எட்டிப் பார்க்கும் முகங்களும் பயத்தில் ஒருவரையொருவர் பற்றிக்கொள்ளும் ஆட்களும் அடுத்தடுத்துத் தென்படும்.

இரண்டாம் காரணம், பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருமுறை உலோகத் திருமேனி ஒன்றின் முன்னால் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, “பீடத்தைப் பாருங்கள், என்ன தெரிகிறது?” என்று கேட்டோம். துளைகள் இருப்பதைச் சிலர் சொன்னார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், “கழி செருகுறதுக்கு. எங்க அப்பா சாமி தூக்குவாரு” என்றான். அதுவரை வாயே திறக்காத பிள்ளை. உற்சவ மூர்த்தி வீதி உலா வருவதற்காகவே செய்யப்பட்டது, கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பதற்காகச் செய்யப்பட்டதல்ல என்பதை அன்றைக்கு வகுப்பு முழுவதும் அவனிடமிருந்து கற்றது. வரிசையில் நகர்ந்துகொண்டே இருந்தால் அந்தப் பையனின் குரல் யாருக்கும் கேட்டிருக்காது.

மூன்றாம் காரணம், குறைவாகப் பார்த்தாலும் பார்த்தது நினைவில் நிற்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011இல் கிறிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகம் திறந்தபோது, வர விரும்பிய பள்ளிகள் அதிகமாக இருந்ததால் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, போன பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 123 பள்ளிகள், ஏறத்தாழ 11,000 மாணவர்கள். முடிவுகள் 2013இல் வெளியாயின. ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் பார்த்துப் பேசியது ஐந்து ஓவியம் மட்டுமே. அதில் ஒன்று மேப்பிள் மரப்பால் காய்ச்சும் முகாமைக் காட்டுவது. அடிமைகள் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரையைப் புறக்கணிக்க அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் மேப்பிள் சர்க்கரைக்கு மாறிய செய்தி அதன் பின்னணி. வாரங்கள் கழித்துக் கேட்டபோது, அந்த ஓவியத்தைப் பார்த்தவர்களில் 88 விழுக்காட்டினர் அதைச் சரியாகச் சொன்னார்கள். கிராமப்புறப் பள்ளிகளிலும் ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளிலும் பயணத்தின் பலன் கூடுதலாக இருந்தது. நம் அரசுப் பள்ளிகளை நினைத்து இந்தக் கடைசி வரியை அடிக்கோடிட விரும்புகிறோம்.

எழும்பூரில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி பிரெஞ்சுச் சிற்பி ரோடின் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சென்னைக்கு வந்ததில்லை. அனுப்பிவைத்த ஒளிப்படங்களைப் பார்த்தே எழுதினார். ஒளிப்படத்தையே அவ்வளவு பொறுமையாகப் பார்த்த மனிதர் அவர். மூலத் திருமேனியின் முன்னால் நம் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் தரக் கூடாதா?

பள்ளிகளுக்கு எங்கள் பரிந்துரைகள்

1. அழைத்துப்போகும் ஆசிரியர் ஒருமுறை முன்கூட்டியே தனியாகப் போய்வர வேண்டும். எந்தக் கூடம் திறந்திருக்கிறது, கழிப்பறையும் குடிநீரும் எங்கே, பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம், சக்கர நாற்காலி எதுவரை போகும் என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் மறக்க வேண்டாம்.

2. பத்து முதல் பன்னிரண்டு பேருக்கு ஒரு பெரியவர் என்று குழு பிரிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் மூன்று பொருள்களை வெவ்வேறு வரிசையில் பார்த்தால் நெரிசல் இருக்காது.

3. கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடுபடுத்தி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றும் முறையை ஒரு மெழுகுவர்த்தித் துண்டும் களிமண்ணும் வைத்தே விளக்கிவிடலாம். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அப்படித்தான் வார்க்கிறார்கள் என்று சொன்னால் ஆயிரம் ஆண்டு இடைவெளி சட்டென்று குறைந்துவிடும்.

4. ஒவ்வொரு பொருளின் முன்னாலும் மூன்று கேள்விகள் போதும். என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? அபிகேல் ஹவுசன், பிலிப் யெனவைன் இருவரும் வளர்த்தெடுத்த இந்த முறைக்கு ஓவியப் பயிற்சி தேவையில்லை. எந்தப் பாட ஆசிரியரும் கேட்கலாம்.

5. பென்சிலும் வெள்ளைத்தாளும் மட்டும் கொடுத்து வரையச் சொல்ல வேண்டும். படம் நன்றாக வர வேண்டிய அவசியம் இல்லை. வரையும்போதுதான் கண் நிதானமாகும். விவரப் பலகையைப் பார்த்து எழுதும் வேலையை முற்றிலும் கைவிட வேண்டும்.

6. திருமேனியைப் பார்த்துக் கும்பிடத் தோன்றும் பிள்ளை கும்பிடட்டும். மற்றப் பிள்ளைகளை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. எல்லா மதப் பிள்ளைகளுக்கும் இது அவர்களுடைய சொத்து என்ற உணர்வோடு அழைத்துப்போக வேண்டும்.

7. பணம் வசூலிக்கும்போது வகுப்பில் பெயர் சொல்லிக் கேட்கவே கூடாது. முடியாதவர்களின் செலவைப் பள்ளியும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் ஓசையில்லாமல் ஏற்க வேண்டும்.

அருங்காட்சியகத் துறைக்கும் கல்வித் துறைக்கும்

பள்ளிக் குழுக்களுக்கென்று வாரத்தில் சில காலை நேரங்களை ஒதுக்கித்தர வேண்டும். தரையில் உட்கார்ந்து வரைய அனுமதியும் சில பாய்களும் வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் விவரப் பலகைகள் வேண்டும். பார்வையற்ற பிள்ளைகள் தொட்டு உணர, முக்கியத் திருமேனிகளின் மாதிரிகளைச் செய்துவைக்க வேண்டும். கல்வித் துறை, அரசுப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒருமுறையாவது இப்படியொரு வருகைக்குப் போய்வரப் பேருந்துச் செலவை ஏற்க வேண்டும்.

எழக்கூடிய மறுப்புகள்

“இவ்வளவு தூரம் போய் மூன்று சிற்பம்தானா?” என்று பெற்றோர் கேட்பது நியாயம். மூன்றையும் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம். அதன் பிறகு அரைமணி நேரம் பிள்ளைகள் விரும்பிய இடத்துக்குப் பெரியவர் துணையோடு போகட்டும். திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் வீடு திரும்ப விரும்பாது. அந்த ஆசையைத் தடுக்க எங்களுக்கு மனமில்லை. ஒரே நாளில் மற்ற மூன்று இடங்களையும் திணிப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

சென்னை தொலைவு என்றால் சென்னைக்கு வர வேண்டாம். 1910இல் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகம் இருக்கிறது. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் காலத் திருமேனிகள் நிற்கின்றன. வேலூர், சேலம், மதுரை, திருநெல்வேலி என்று மாவட்ட அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பதை இரண்டு முறை பார்ப்பது, தூரத்தில் இருப்பதை ஓடிப் பார்ப்பதைவிட நல்லது.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்று சொல்லும் ஆசிரியர்களின் நெருக்கடி எங்களுக்குத் தெரியும். எங்களில் பலர் அதே நெருக்கடியில் இருப்பவர்கள். சோழர் வரலாறும் பௌத்தமும் உலோகக் கலவையும் ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. இந்தப் பயணத்தில் அந்தப் பாடங்களைப் பிள்ளைகள் கண்ணாலேயே படித்துவிடுவார்கள்.

எங்கள் பங்கு

கேட்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அழைக்கும் பள்ளிகளுடன் எங்கள் உறுப்பினர்கள் ஊதியமில்லாமல் துணைக்கு வருவார்கள். கேள்வி அட்டைகளைத் தமிழில் தயாரித்துத் தருவோம். பிள்ளைகள் வரைந்த படங்களை அந்தந்தப் பள்ளியிலேயே காட்சிக்கு வைக்க உதவுவோம்.

அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்ற பெண்ணைப் போல் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளை இருக்கிறது. “ஒரு கை குறையுது” என்று அது சொல்லும்போது, “ஆமா, ஏன் குறையுது? நல்லாப் பாரு” என்று கேட்டபடி பக்கத்தில் உட்கார ஓர் ஆசிரியரும், அவருக்குப் பத்து நிமிட அவகாசமும் வேண்டும். இந்த அறிக்கையில் நாங்கள் கேட்பது அதுதான்.