கண் போன பிறகு யாரைக் கேட்பது?

2021 மே மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர்கள், சில நாட்களிலேயே முகம் வீங்கி, ஒரு கண் மூடி, மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிரைக் காக்கப் பலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. ஜூன் மாத இறுதிக்குள் நாடு முழுவதும் 40 ஆயிரம் பேருக்கு மேல் நோய் கண்டது. 3 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டனர். இது மத்திய அரசாங்கமே சொன்ன கணக்கு.

கருப்புப் பூஞ்சை என்றார்கள். அது ஒன்றும் புதிதல்ல. வயல் மண்ணிலும், மக்கிய இலையிலும், எருக்குழியிலும் என்றும் இருப்பதுதான். அதை நாம் தினமும் சுவாசிக்கிறோம். உடம்பில் எதிர்ப்புச் சக்தி உள்ளவரை அது நம்மை அண்டாது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவும் செய்யாது. சர்க்கரை வியாதி முற்றினாலோ, ஸ்டிராய்டு மருந்து அளவு மீறினாலோ அது மூக்கில் வேர் பிடித்துக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறுகிறது. ரத்தக் குழாயை அடைக்கிறது. சதை செத்துக் கறுக்கிறது.

"எல்லாம் விதி" என்று சிலர் சொன்னார்கள். விதியா? மூச்சுத் திணறியவர்களுக்கு ஸ்டிராய்டு உயிர் கொடுத்தது உண்மை. ஆனால் நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சர்க்கரை வியாதிக்காரர்கள். வியாதி இருப்பதே தெரியாமல் உழைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! நோயைத் தீர்க்கும் ஆம்போடெரிசின்-பி ஊசி மருந்துக்கோ நாடெங்கும் தட்டுப்பாடு. அதன் மீதிருந்த வரியை நீக்கவே ஜூன் 12 வரை ஆயிற்று. பூஞ்சை காத்திருக்குமா?

இழை அறுந்ததைக் காண்பதும் கண். களையையும் பயிரையும் பிரித்தறிவதும் கண். கண் போனால் உழைப்பாளிக்குக் கூலி போயிற்று, குடும்பத்துக்குக் கஞ்சி போயிற்று.

கொரோனா அலை ஓய்ந்தாலும் பூஞ்சையும் சர்க்கரை வியாதியும் நம்மோடுதான் இருக்கின்றன. ஆகவே, மில் வாசலிலும் கிராமத்திலும் கூலி பிடிக்காமல் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இந்த மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். இவை சலுகையல்ல, உரிமை.

நம் கடமையும் உண்டு. டாக்டர் சொல்லாமல் கடையில் ஸ்டிராய்டு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். சர்க்கரை உள்ளவருக்கு மூக்கில் கறுத்த சளி, ஒரு பக்க முகவலி, கண் வீக்கம், இரட்டைப் பார்வை கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கண் போன பிறகு நஷ்ட ஈடு கேட்பானேன்? கண் இருக்கும்போதே உரிமையைக் கேட்போம்!