குழந்தையின் சொரியாசிஸை எதைக் கொண்டு அளப்பது?

சொரியாசிஸ் எவ்வளவு கடுமை என்பதை, அது தோலில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தே முடிவு செய்வது வெகுநாள் வழக்கம். நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடல்பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். 10 சதவீதத்தைத் தாண்டினால் கடுமை. பெரியவர்களுக்கே போதாத இந்தக் கணக்கு குழந்தைகளுக்கு அறவே பொருந்தாது. அவர்களுக்கு நோய் பெரும்பாலும் தலையிலும் முகத்திலும் தெரிகிறது. நெற்றியோரத்திலும் காதுக்குப் பின்னாலும் திட்டுத்திட்டாகச் சிவந்து, சீருடைத் தோளில் வெள்ளைச் செதில் உதிர்க்கும் நோய் இரண்டு மூன்று உள்ளங்கைக்குள் அடங்கிவிடலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை தள்ளி உட்கார அதுவே போதும். தொற்றாத நோய் என்று 2014-இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானத்திலேயே சொல்லியாயிற்று. பல பள்ளிகளுக்கு அது இன்னும் எட்டவில்லை.

பிரிட்டனின் கார்டிஃப் நகர மருத்துவர்கள் 1995-இல் குழந்தைகளுக்கென்றே பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வெளியிட்டார்கள். போன வாரம் எவ்வளவு அரித்தது, தோலை நினைத்துக் கூச்சப்பட்டாயா, விளையாடப் போனாயா, யாராவது கேலி செய்தார்களா, தூக்கம் கெட்டதா, மருந்து போடுவதே தொல்லையாக இருந்ததா என்று அது கேட்கிறது. மொத்தம் 30 மதிப்பெண். கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் ஏது நேரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதை நிரப்பச் சில நிமிடம் போதும். வரிசையில் காத்திருக்கும்போதே முடித்துவிடலாம்.

சின்னத் திட்டுக்கெல்லாம் வீரியமான மருந்து எழுதுவதில் இது முடியும் என்பது கனமான ஆட்சேபம். பெரும்பாலான குழந்தைகளுக்கு மேல்பூச்சு மருந்தே போதும் என்பது உண்மை. போதாதவர்களுக்கு ஒளி சிகிச்சையும் மெத்தோட்ரெக்சேட்டும் உண்டு. ‘புற்றுநோய் மருந்தாயிற்றே’ என்று பெற்றோர் பதறும் அதே மருந்து, இங்கே குறைந்த அளவில் வாரம் ஒரே ஒரு முறை, ஃபோலிக் அமிலத்தோடும் ரத்தப் பரிசோதனையோடும் தரப்படுகிறது. தவறிப்போய் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் கிழமையைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். உண்மையான ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. நோயைச் சின்னது என்று ஒதுக்கிய வீட்டில்தான் படர்தாமரை என்று நினைத்து மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கி மாதக்கணக்கில் தடவுகிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடல் முழுதும் சீழ்க்கொப்புளம் கிளம்பக்கூடும்.

வளர்ந்தால் தானே போய்விடும் என்பார்கள். தொண்டைப் புண்ணுக்குப் பின் மழைத்துளிபோல் சிதறி வரும் வகை பல குழந்தைகளுக்குச் சில மாதங்களில் அடங்குவதுண்டு. தடித்த திட்டுகளாக நிலைத்துவிட்ட வகைக்கு அந்த நம்பிக்கை செல்லாது; அது பெரும்பாலும் வந்து வந்து போகும். அப்படிக் காத்திருக்கும் ஆண்டுகள் பத்து வயதுக்கும் பதினாறுக்கும் இடைப்பட்டவை. ஆகவே தோல் பிரிவின் நோயாளிச் சீட்டில் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே அந்த 30-க்கான மதிப்பெண்ணையும் எழுத இடம் விட வேண்டும். அது உயர்ந்திருந்தால், திட்டு எவ்வளவு சிறியதானாலும் அடுத்த கட்ட சிகிச்சையைப் பேசியாக வேண்டும்.