மனிதர் இறங்குவதற்கென்றே வரைந்த குழி

தொழிற்பாதுகாப்புப் பாடத்தில் ஒரு படிவரிசை சொல்லித் தருவார்கள். ஆபத்தை அடியோடு நீக்கு. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றை மாற்றாக வை. அதுவும் முடியாவிட்டால் மனிதருக்கும் ஆபத்துக்கும் நடுவே இயந்திரத்தையோ தடுப்பையோ நிறுத்து. அதன்பிறகுதான் விதிமுறை, பயிற்சி. எல்லாவற்றுக்கும் கடைசியில் கையுறை, முகமூடி. முதல் மூன்றும் வரைபடம் போடும்போதே முடிவாகிறவை. கடைசி இரண்டும் தொழிலாளி தலையில் விழுகிறவை.

1974இல் இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ ரசாயன ஆலை வெடித்து 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு டிரெவர் கிளெட்ஸ் என்ற வேதிப் பொறியாளர் முதல் படியைப் பற்றியே விடாமல் பேசிவந்தார். ஆபத்தான பொருளை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று யோசிக்கும் முன், அதை அவ்வளவு வைத்திருக்கத்தான் வேண்டுமா என்பது அவர் கேள்வி. போபாலில் மெத்தில் ஐசோசயனேட் விற்பனைச் சரக்குகூட அல்ல, பூச்சிக்கொல்லித் தயாரிப்பில் இடையில் வரும் பொருள். அதைத்தான் டன் கணக்கில் தொட்டியில் சேர்த்து வைத்திருந்தார்கள்.

இதே படிவரிசையை நம் ஊர்ச் சாக்கடைக்குப் பொருத்திப் பாருங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் மலக்குழியில் மனிதரை இறக்குவதை முற்றாகத் தடைசெய்துவிட்டதாகவே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். சட்டத்தை எடுத்துப் படித்தால், அது 'அபாயகரமான துப்புரவு' என்று சொல்வது பாதுகாப்புக் கருவி தராமல் இறக்குவதை. கருவி தந்தால் இறக்கலாம் என்ற வாசல் திறந்தே கிடக்கிறது. பொறியியல் கடைசியில் வைத்ததைச் சட்டம் முதலில் வைத்திருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் "முகக்கவசம் போட்டிருந்தாரா?" என்ற கேள்வி முந்திக்கொண்டு வருகிறது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறும்போது முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போது ஆள் மயங்கிவிடுவார். காப்பாற்ற இறங்கும் இரண்டாமவருக்கும் அதே கதிதான். துணி முகமூடி இந்த வாயுவின் முன் எதற்கும் உதவாது.

குழியை அந்த அளவில் வரைந்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. மேன்ஹோல் என்ற பெயரே சொல்கிறது, அது ஆள் இறங்கி நின்று வேலை செய்ய வரையப்பட்டது. வேறு எந்த ஆலைக்காவது, "அடைத்துக்கொண்டால் ஓர் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார்" என்று வரைபடம் நீட்டினால் சிரிப்பார்கள். இங்கே சிரிக்காததற்குக் காரணம், எந்தச் சாதியிலிருந்து அந்த ஆள் வருவார் என்பது வரைபவருக்கும் ஒப்புதல் தருபவருக்கும் முன்பே தெரியும். வடிவமைப்பில் சேராத செலவைச் சாதி ஏற்றுக்கொள்கிறது.

மாற்ற முடியாது என்பதெல்லாம் பொய். ரயில் கழிப்பறைகள் பல பத்தாண்டுகள் தண்டவாளத்தின் மேல் திறந்தபடி ஓடின. கீழே துடைப்பத்தோடு நின்றவர்கள் யார் என்பது ஊருக்கே தெரியும். 2012இல் ரயில்வே பாதுகாப்பு பற்றி ஆராய்ந்த ககோட்கர் குழு, அவற்றை மாற்றச் சொன்னதில் தண்டவாளம் துருப்பிடிப்பது ஒரு முக்கியக் காரணம். பிறகு பெட்டிகளுக்கெல்லாம் பயோ டாய்லெட் வந்தது. இரும்பு அரிக்கிறது என்றால் இந்த நாட்டின் காது கொஞ்சம் சீக்கிரம் திறக்கும்போல.

சாக்கடைச் சாவுக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம், 2023இல் 30 லட்சம் என இழப்பீட்டை நிர்ணயித்தது. அந்தக் குடும்பங்களுக்கு அது கட்டாயம் போய்ச் சேரவேண்டும். ஆனால் அது செத்த பிறகு வரும் கணக்கு. 2023 மத்திய பட்ஜெட்டில் மேன்ஹோலை 'மெஷின் ஹோல்' ஆக்கப்போவதாக அறிவித்தார்கள். பழைய குழிக்கு மேலே ஒரு இயந்திரத்தை நிறுத்திப் பெயரை மாற்றுவதோடு அது முடிந்துவிடக் கூடாது.

செப்டிக் டேங்கில் இது இன்னும் எளிது. ஒவ்வொரு அறைக்கும் மேலே தனி மூடி, காற்றுப்போக்கிக் குழாய், லாரி வந்து நிற்கும் இடம்வரை நீளும் உறிஞ்சு குழாய். கட்டும்போதே போட்டால் பெரிய செலவில்லை. டேங்கை டைல்ஸுக்கு அடியில் புதைத்து, மூடியையும் மறைத்துவிட்டால், அடியில் இறுகிய கசடைச் சுரண்ட ஆள்தான் இறங்கவேண்டிவரும். ஆக, யாராவது இறங்கினால்தான் சுத்தம் செய்ய முடியும் என்ற வரைபடத்துக்கு நகராட்சியும் ஊராட்சியும் ஒப்புதல் தரக்கூடாது. தந்தால், கையெழுத்துப் போட்ட பொறியாளர் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் வரவேண்டும். கட்டடக்கலையும் சிவிலும் படிக்கும் தோழர்கள், அடுத்த புராஜெக்ட் வரைபடத்தில் அந்தக் குழாயை எங்கே போட்டிருக்கிறோம் என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.