கப்பலுக்கொரு நீதி, கடைக்காரனுக்கொரு நீதியா?

வெளிநாட்டில் வசிப்பவன் இந்நாட்டில் சம்பாதித்தால் அதற்கு இங்கு வரி கொடுக்க வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் அந்த வரி யாரிடம் பிடுங்கப்படுகிறது, யாருக்கு விடப்படுகிறது என்பதைச் சற்று யோசிக்க வேண்டுகிறோம்.

சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்திலும் சரக்கு ஏற்றிப்போகும் அன்னியக் கப்பலுக்கு 1961ம் வருஷத்து வருமான வரிச் சட்டம் 172வது பிரிவில் ஒரு வழி எழுதி வைத்தது. 100 ரூபாய் சரக்குக் கூலியில் ஏழரை ரூபாய் லாபம் என்று வைத்துக்கொண்டு, அந்த ஏழரைக்கு மட்டும் வரி. அதைக் கட்டாமலோ, கட்டுவதற்கு ஏற்பாடு செய்யாமலோ கப்பல் புறப்படச் சுங்க அதிகாரி அனுமதி கொடுக்கக் கூடாது. நல்ல சட்டந்தான். ஆனால் பின்வாசல் ஒன்று இருக்கிறதே! அதற்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் என்று பெயர். 1994ல் சிங்கப்பூருடன் செய்த ஒப்பந்தப்படி அந்நாட்டுக் கம்பெனியின் கப்பல் லாபத்திற்கு அந்நாடுதான் வரி போடலாம். அந்நாடோ தன் கொடி கட்டிய கப்பல்களின் சர்வதேச வருமானத்திற்குத் தன் சட்டத்திலேயே விலக்கு அளித்திருக்கிறது! வரி இலாகா ஒப்பந்தத்தின் 24வது விதியைக் காட்டி மறித்துப் பார்த்தது. 2016ல் குஜராத் ஹைக்கோர்ட்டு கப்பல்காரன் பக்கமே தீர்ப்பளித்தது. இரண்டு இடத்தில் வரி விழக்கூடாதென்று ஆரம்பித்த காரியம், ஓரிடத்திலும் விழாமல் முடிந்தது.

“நம் கப்பலுக்கும் அங்கே அதே சலுகை உண்டே” என்பார்கள் கெட்டிக்காரர்கள். நம் அன்னிய வியாபாரச் சரக்கில் பத்தில் ஒரு பங்குகூட நம் கப்பலில் போவதில்லையே, அந்தச் சலுகை யாருக்குப் பிரயோஜனம்?

இனி துறைமுகத்தை விட்டு ராயபுரத்துத் தெருவுக்கு வருவோம். அங்கே ஒருவர் சிறு கடை வைத்திருக்கிறார். கட்டடத்தின் சொந்தக்காரர் துபாயில் வசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகையில் 100க்கு 30 ரூபாயும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்து சர்க்காருக்குக் கட்டுவது அந்தக் கடைக்காரரின் கடமையாம். சொந்தக்காரர் இந்நாட்டில் வசித்தால் மாதம் 50,000 ரூபாய் வாடகை வரை பிடித்தமே இல்லை. கடல் கடந்து வசித்துவிட்டால் முதல் ரூபாயிலிருந்தே பிடித்தாக வேண்டும். பிடிக்காமல் முழு வாடகையையும் கொடுத்துவிட்டால், சம்பாதித்தவன் துபாயில் இருக்க, வரியும் வட்டியும் கடைக்காரர் தலையில் விழும். இப்படி ஒரு சட்டம் இருப்பதை அவருக்கு யார் சொன்னார்கள்? வாடகைச் சீட்டு எழுதியவரும் சொல்லவில்லை, சொந்தக்காரரும் சொல்லவில்லை. நோட்டீஸ்தான் வந்து சொல்லும்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. அந்நாட்டில் உண்மையாகவே வரி கட்டிய லாபத்திற்குத்தான் இங்கு விலக்கு என்று ஒப்பந்தத்தில் சந்தேகத்திற்கு இடமில்லாமல் எழுதட்டும். சின்ன வாடகைக்கு உள்நாட்டானுக்குள்ள அதே வரம்பை வைத்துவிட்டு, மீதி வரியைச் சொந்தக்காரனிடமே கேட்கட்டும். அவன் ஓடிவிடுவான் என்று பயப்பட வேண்டாம். கப்பலைப்போல் கட்டடம் நங்கூரம் எடுத்துப் போய்விடாது.